மானம் கப்பலேறியவர்கள்: தீவாந்திர தண்டனையும் குடும்ப வரலாற்று எழுத்தும்

ஒரு குற்றத்துக்காக மனிதரைச் சொந்த மண்ணிலிருந்து பிரித்துக் கடல் தாண்டிய குடியிருப்புக்கு அனுப்புவதைத் தமிழில் தீவாந்திர தண்டனை என்றார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தத் தண்டனை 1955இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் ஆயுள் சிறை என மாற்றப்பட்டது. சட்டத்திலிருந்து சொல் நீங்கிவிட்டாலும் பேச்சில் அதன் நிழல் இருக்கிறது. அவமானப்பட்ட வீட்டைப் பற்றி இன்றும் 'மானம் கப்பலேறிவிட்டது' என்கிறோம்.

அப்படிக் கப்பலேறியவர்களின் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லும் எழுத்து ஆஸ்திரேலியாவில் தனி வகைமையாகவே வளர்ந்திருக்கிறது. அயர்லாந்துச் சிப்பாய் ஒருவனின் மகள் சிட்னியின் தண்டனைக் குடியிருப்பில் எப்படி வளர்ந்தாள், யாரை மணந்தாள், எங்கே புதைக்கப்பட்டாள் என்று அவளது ஐந்தாம் தலைமுறை எழுத முடிகிறது. சேலத்திலிருந்து அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் மகள்களைப் பற்றி அப்படி ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை. இந்த வேறுபாடு எதனால் வந்தது, சேலம் பற்றி இருக்கும் எழுத்துகள் எங்கே தவறுகின்றன, இந்த வகைமையிலிருந்து நாம் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ள வேண்டும் என்பவை இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

குற்றவாளி மூதாதை என்னும் வகைமை

1788 முதல் 1868 வரை பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றிலிருந்து சுமார் 1,62,000 பேர் தண்டனையாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கும் இது மறைக்கப்பட்ட செய்தியாகவே இருந்தது. 'குற்றவாளிக் கறை' என்ற சொல்லே அங்கு வழக்கில் இருந்தது. பல குடும்பங்களில் பாட்டனின் கப்பல் பெயரைப் பேரனிடம் சொன்னதில்லை. பிற்பாடு நிலைமை தலைகீழானது. முதல் கப்பல் வரிசையில் வந்த கைதி ஒருவர் தம் வம்சத்தில் இருப்பது பெருமையாயிற்று. அந்தக் கைதிகளைப் பற்றிய அரசு ஆவணங்கள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

இந்த வகைமையின் சிறந்த நூல்களில் ஒன்று பாபெட் ஸ்மித் 1988இல் வெளியிட்ட 'எ கார்கோ ஆஃப் விமன்'. தம் மூதாதையான சூசன்னா வாட்சனைத் தேடிப் புறப்பட்டவர், 1829இல் அதே கப்பலில் வந்த மற்றப் பெண்களின் வாழ்க்கையையும் பின்தொடர்ந்தார். தாமஸ் கெனீலியின் 'தி கிரேட் ஷேம்' நூலும் அவருடைய மனைவியின் முன்னோரான ஹியூ லார்கின் என்ற அயர்லாந்துக் கைதியிலிருந்தே கிளைவிடுகிறது. தம் வீட்டில் தொடங்கிய தேடலைத் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாததுதான் இரண்டு நூல்களுக்கும் பொதுவான பலம். அந்த ஒருவரோடு கப்பலில் வந்தவர்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குடும்பக் கதை வரலாறாகிறது.

அயர்லாந்துச் சிப்பாயின் மகள்

தண்டனைக் குடியிருப்பில் கைதிகள் மட்டும் இருக்கவில்லை. அவர்களைக் காவல் காத்த பட்டாளங்களும் இருந்தன. 1830இல் பிரிட்டிஷ் தரைப்படையின் சாதாரணச் சிப்பாய்களில் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஆகவே சிட்னியில் கைதியாக நின்றவனும் துப்பாக்கியோடு நின்றவனும் பல நேரங்களில் ஒரே மாவட்டத்தில், ஒரே பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களாக இருந்தார்கள். நிலமில்லாத இளைஞனுக்கு இருந்த வழிகளில் ஒன்று படை. இன்னொன்று திருட்டு. பிழைப்பின் இந்த இரண்டு கிளைகளும் ஒரே துறைமுகத்தில் எதிரெதிரே வந்து நின்றன.

சிப்பாயின் மனைவிக்குப் பட்டாளத்தோடு கப்பலேற உரிமை கிடையாது. நூறு சிப்பாய்களுக்கு ஆறு மனைவியர் என்பதே பொதுவான கணக்கு. யார் போவது, யார் நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள். சீட்டு விழாதவள் கைக்குழந்தையோடு கரையில் நின்றாள். கப்பலேறிய குடும்பத்துப் பெண் குழந்தைகள் பாசறையில் திரைகட்டிய மூலையில் வளர்ந்தார்கள். தகப்பன் இறந்தால் தாய் விரைவில் மறுமணம் செய்ய வேண்டும், இல்லையென்றால் படி நின்றுவிடும்.

இவ்வளவு எளிய பெண்ணைப் பற்றி இன்று எப்படி எழுத முடிகிறது? அவளுக்கு அரசு படி அளந்தது என்பதுதான் காரணம். அளந்த படிக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பெயர் வேண்டும். படிப் பட்டியல், பட்டாள வருகைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, அநாதைப் பள்ளிச் சேர்க்கை என அவள் பெயர் ஐந்து இடங்களிலாவது விழுந்துவிடுகிறது. சிட்னியில் 1801இல் பெண் அநாதைப் பள்ளி தொடங்கப்பட்டது. அவளை யாரும் மதித்து எழுதி வைக்கவில்லை. செலவுக் கணக்கில் எழுதினார்கள். குடும்ப வரலாற்றாசிரியர் அந்தக் கணக்கைத் திருப்பிப் படித்து மனுஷியைக் கண்டெடுக்கிறார்.

சிட்னியிலிருந்து சென்னைக்கு

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. சிட்னியில் காவல் முடித்த பட்டாளங்கள் பெரும்பாலும் தாய்நாடு திரும்பவில்லை. அடுத்து அனுப்பப்பட்டது ஆசியாவுக்கு. 73ஆம் ரெஜிமென்ட் 1814இல் சிட்னியிலிருந்து இலங்கைக்குப் போனது. அதன்பின் 46, 48, 57, 39 ஆகிய எண்கள் கொண்ட ரெஜிமென்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தன. தண்டனைக் குடியிருப்பில் பிறந்த சிப்பாயின் மகள் பத்து வயதில் சென்னைக் கடற்கரையில் இறங்கியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சென்னையில் அவளைப் போன்றவர்களுக்காக 1787இலேயே பெண் அநாதை இல்லம் அமைக்கப்பட்டிருந்தது.

கரோலின் சிசம் என்ற ஆங்கிலப் பெண் இந்த இரண்டு கரைகளையும் இணைப்பவர். கணவர் ஆர்ச்சிபால்ட் சிசம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. பாசறைகளில் வளரும் சிப்பாய்களின் மகள்களைக் கண்ட கரோலின், 1834இல் அவர்களுக்காகச் சென்னையில் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். படிப்பு, எழுத்து, சமையல், வீட்டு நிர்வாகம், நோயாளிப் பராமரிப்பு ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. 1838இல் குடும்பத்தோடு சிட்னிக்குப் போனவர், அங்கே துறைமுகத்தில் ஆதரவின்றி நின்ற பெண்களுக்காக 1841இல் இல்லம் திறந்தார். பின்னாளில் ஆஸ்திரேலிய ஐந்து டாலர் நோட்டில் அவர் உருவம் அச்சானது. அவர் பெயர் நிலைத்தது. சென்னைப் பள்ளியில் படித்த சிறுமிகளின் பெயர்கள் பொது நினைவில் இல்லை. எந்த ஊரிலும் வரலாறு முதலில் புரவலரைத்தான் நினைவில் வைக்கிறது.

இந்த வகைமையின் குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல குடும்ப வரலாறுகள் மூதாதையை நிரபராதியாக்கிவிடுகின்றன. ஒரு ரொட்டித் துண்டுக்காகக் கப்பலேறியவர் என்ற கதை எல்லா வீட்டிலும் வருகிறது. அதைவிடப் பெரிய மௌனம் ஒன்று இருக்கிறது. 1816 ஏப்ரலில் சிட்னிக்குத் தெற்கே ஆப்பின் என்ற இடத்தில் பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்டனர். குறைந்தது 14 பேர் இறந்தனர். அதை நடத்தியது 46ஆம் ரெஜிமென்ட்டின் படைப்பிரிவு. தலைமை தாங்கிய ஜேம்ஸ் வாலிஸ் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்தவர். அந்த ரெஜிமென்ட்தான் அடுத்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. சிப்பாயின் மகள் பட்ட பாட்டை மனமுருக எழுதும் நூல், அவள் தகப்பனின் துப்பாக்கி யாரை நோக்கி நீண்டது என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது பாதிக் கதை.

சேலம், 1882

சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசல், ஊர்வலப் பாதை ஆகியவை பற்றி எழுந்த பிணக்கு 1882 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கலவரமாக வெடித்தது. பள்ளிவாசலை இடிக்கத் தூண்டியதாக வழக்கறிஞரும் நகரசபை உறுப்பினருமான சி. விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தம்மை நகரசபையிலிருந்து நீக்கியதற்காக இந்திய அமைச்சர் மீதே அவர் தொடுத்த வழக்கு 1884இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பாகி, இன்றும் சட்ட நூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. 1920இல் நாகபுரி காங்கிரசுக்கு அவர் தலைமை வகித்தார். 1944இல் காலமானார்.

அதே வழக்குகளில் வேறு பலரும் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விஜயராகவாச்சாரியார் வைசிராய் ரிப்பனிடம் முறையிட்டு அவர்களுக்கு விடுதலை பெற்றுத் தந்தார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் குறிப்புகளில் இது ஒரே வாக்கியம். தலைவரின் பெருந்தன்மைக்குச் சான்றாக அந்த வாக்கியம் வருகிறது. விடுதலையான மனிதர்கள் அதில் ஒரு எண்ணிக்கையாகக்கூட இல்லை.

செல்லுலார் சிறை என்னும் பிழை

இந்த வாக்கியத்தில் பரவலாகக் காணப்படும் பிழை ஒன்று உண்டு. சேலம் கைதிகள் அந்தமான் செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று பல இணையக் குறிப்புகள் சொல்கின்றன. செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. ரிப்பன் வைசிராய் பதவியிலிருந்து விலகியது 1884 டிசம்பரில். இல்லாத சிறையிலிருந்து அவர் யாரையும் விடுவித்திருக்க முடியாது.

ஆண்டு மாறிப்போன சிறு தவறு என்று இதை விட்டுவிடக் கூடாது. செல்லுலார் சிறை என்றதும் சுதந்திரப் போராட்டத் தியாகிகள் நினைவுக்கு வருகிறார்கள். தனிக்கொட்டடி, செக்கிழுப்பு, தூக்குமேடை என்ற காட்சி கண்முன் வருகிறது. 1882இல் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் அந்தச் சொல்லின் மூலம் தியாகிகளின் வரிசையில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், செய்யாமலே தண்டிக்கப்பட்டார்களா என்ற கேள்வி எழவே இடமில்லாமல் போகிறது. செவ்வாய்ப்பேட்டையில் வழிபாட்டிடத்தை இழந்தவர்களின் தரப்பும் சேர்ந்தே மறைகிறது. ஒரு கட்டடத்தின் பெயர் இரண்டு பக்கத்து மனிதர்களையும் அழித்துவிட்டது.

1880களின் அந்தமான் வேறு மாதிரி இருந்தது. 1858இல் தொடங்கிய அந்தக் குடியிருப்பில் கைதிகள் ராஸ், வைப்பர் முதலிய தீவுகளிலும் போர்ட் பிளேரைச் சுற்றிய கொட்டகைகளிலும் தங்கினார்கள். காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள். நன்னடத்தையோடு பல ஆண்டுகள் கழித்தவருக்குத் தாமே பிழைத்துக்கொள்ளச் சீட்டு கிடைக்கும். அதன்பின் அவர் நிலம் பயிரிடலாம், ஊரிலிருந்து மனைவியை வரவழைக்கலாம், அல்லது அங்கேயே ஒரு கைதிப் பெண்ணை மணக்கலாம். அப்படிப் பிறந்த பிள்ளைகளின் வழிவந்தோர் இன்றும் அந்தமானில் 'லோக்கல் பார்ன்' என்று அழைக்கப்படுகிறார்கள். சாதி கலந்து, மொழி கலந்து உருவான சமூகம் அது. சிட்னிச் சிப்பாயின் மகளுக்கு நேர் இணையாக வைக்கத்தக்கவள் இந்தச் சமூகத்து மகள்தான். அவள் இருந்ததையே 'செல்லுலார் சிறை' என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

பஞ்சம் அனுப்பியவர்கள்

சேலத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்றதும் 1882 கலவரம் மட்டும் பேசப்படுவது இன்னொரு குறை. அதற்குச் சற்று முன்தான் 1876-78 பஞ்சம் வந்து போயிருந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில் நாமக்கல்லும் அடக்கம். அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 19,66,995. 1881இல் 15,99,595. பத்தாண்டில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய ஊரில் 3,67,400 பேர் குறைந்திருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் தானியக் கொள்ளையும் வழிப்பறியும் பெருகுவது சென்னை மாகாணம் முழுக்கக் கண்ட உண்மை. கூட்டுக்கொள்ளைக்குச் சட்டம் வைத்திருந்த உச்சத் தண்டனை ஆயுள் தீவாந்திரம்.

கலவரத்துக்கு ஒரு தலைவர் இருந்தார், அதனால் ஒரு வாக்கியமாவது மிஞ்சியது. சோளக்குதிரை உடைத்துத் தண்டனை பெற்றவனுக்குத் தலைவர் கிடையாது. அவனுக்காக வைசிராயிடம் போனவர் யாரும் இல்லை. ஆஸ்திரேலியக் குடும்ப வரலாறுகளின் 'ரொட்டித் திருடன்' சேலத்து மண்ணில் இவன்தான். இங்கே ரொட்டி என்பது மிகையும் இல்லை, கற்பனையும் இல்லை.

கொங்கு மரபில் குடும்ப வரலாறு

நம்மிடம் குடும்ப வரலாறே இல்லை என்று சொல்ல முடியாது. கொங்கு வட்டாரத்தில் கூட்டம், காணி, குலதெய்வம் என்று தலைமுறைகளை அடுக்கிச் சொல்லும் மரபு வலுவாக இருக்கிறது. காணிப் பட்டயங்கள் உண்டு. காலின் மெக்கன்சி திரட்டிய கைபீதுகளில் பாளையக்காரர் வம்சாவளிகள் உண்டு. ஆனால் இவை அனைத்தும் உரிமையை நிலைநாட்ட எழுந்தவை. யாருக்கு முதல் மரியாதை, யாருக்குக் காணி என்பதே அவற்றின் கேள்வி. உரிமைக்கு ஆதாரமாகாதவர் அவற்றில் இடம்பெறுவதில்லை. கட்டிக்கொடுத்த மகள் வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். தண்டனை பெற்றவன் பெயர் சொல்லப்படுவதில்லை. தண்டனை பெற்றவனின் மகள் என்பவள் இரண்டு முறை விடுபடுகிறாள்.

வீரக்கதைக்கு மட்டும் இந்த விதி தளர்கிறது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் நினைவு ஊர்தோறும் இருக்கிறது. அரசுக்கு அவரும் குற்றவாளியே. தூக்குமேடை பெருமையானது, தீவாந்திரம் அவமானமானது என்ற பிரிவினையை நம் நினைவே செய்துகொண்டது.

தெற்கே இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1802 பிப்ரவரியில் மருது சகோதரர்களின் போருக்குப் பிறகு 73 பேர் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவன். சின்ன மருதுவிடம் வேல் எறியக் கற்ற கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் உருக்குலைந்த ஒருவர் தம்மை வந்து சந்தித்ததையும், அது துரைசாமி என்று அறிந்ததையும் 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். தீவாந்திரம் ஒரு தமிழ் உடலை என்ன செய்தது என்பதற்கு நமக்குக் கிடைத்த அரிய காட்சி அது. அதையும் எழுதியது நாடுகடத்திய தரப்பைச் சேர்ந்தவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

சேலம், நாமக்கல் வட்டாரத்து மாணவர் ஒருவர் இந்த வகையில் எழுத விரும்பினால் தொடக்கம் கடினமாக இருக்காது. எச். லெ ஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடும், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த கெசட்டியரும் காலப் பின்னணியைத் தரும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை ஆவணங்கள் இருக்கின்றன. கைதிப் பதிவேடுகளில் பெயரோடு தகப்பன் பெயர், சாதி, வயது, அங்க அடையாளம் ஆகியவற்றையும் எழுதுவது வழக்கம். ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் வாசல் வரை போய்விடலாம்.

வாசலுக்குப் போன பிறகு யாரிடம் கேட்பது என்பது முக்கியம். அப்பாரு வழியில் கேட்டால் கூட்டப் பெருமைதான் வரும். அம்மாயி வழியில் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஏன் பெண் எடுக்கவில்லை, ஒரு கிழவி ஏன் தாலி அறுக்காமலே வெள்ளைச் சீலை கட்டினாள், எந்தப் பங்காளி ஏன் ஊரைவிட்டுப் போனான் என்பவை பெண்களின் பேச்சில்தான் தங்கியிருக்கும். கணவன் கடல் தாண்டி உயிரோடு இருக்க, இங்கே ஒருத்தி சுமங்கலியா விதவையா என்று தெரியாமல் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பதிவேடு கிடையாது. அவளுக்கு யாரும் படி அளக்கவில்லை, அதனால் கணக்கும் எழுதவில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கண்டுபிடித்ததை எல்லாம் பெயரோடு வெளியிடுவது உயிரோடு இருப்பவர்களைக் காயப்படுத்தலாம். ஆஸ்திரேலியாவில் கறை பெருமையாக மாற நூறு ஆண்டுகள் ஆயின. இங்கே சாதிப் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் குற்றம் இன்னும் பெண் கேட்கும் இடத்தில் தடையாக நிற்கிறது. குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லாமல் அவர்களின் மௌனத்தை உடைக்க எழுதுபவருக்கு உரிமை இல்லை.

மதிப்பீடு

அயர்லாந்துச் சிப்பாயின் மகள் வரலாற்றில் கிடைத்தாள் என்பதற்காக அவள் நல்வாழ்வு வாழ்ந்தாள் என்று ஆகாது. அவளை ஆண்ட அரசு அவளை எண்ணி வைத்தது, அவள் வம்சத்தார் வெட்கத்தை உதறிவிட்டு அந்த எண்ணிக்கையைத் தேடிப் போனார்கள் என்ற இரண்டும் சேர்ந்ததால் கிடைத்தாள். சேலத்தில் முதலாவது பாதியளவு இருக்கிறது. அனுப்பப்பட்ட ஆண்களை அரசு எண்ணியது, விட்டுச்செல்லப்பட்ட பெண்களை எண்ணவில்லை. இரண்டாவது இன்னும் தொடங்கவே இல்லை.

சேலம் 1882 பற்றி இன்று இருக்கும் எழுத்துகள் ஒரு வழக்கறிஞரின் வெற்றிக் கதையாக நிற்கின்றன. அந்த வெற்றி உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அவர் யாருக்காக முறையிட்டாரோ அவர்களை எழுதாமல் அவரது வெற்றியைக்கூட முழுமையாக எழுத முடியாது. அவர்கள் எத்தனை பேர், என்ன தொழில் செய்தவர்கள், திரும்பி வந்தபோது வீடு அவர்களைச் சேர்த்துக்கொண்டதா, மகளுக்கு மாப்பிள்ளை கிடைத்தானா என்ற கேள்விகளுக்கு ஒரு தெருவுக்காவது விடை தேடப்படும்போதுதான் இந்த வட்டாரத்தின் தீவாந்திர வரலாறு தொடங்கும். அதுவரை இணையக் குறிப்புகளில் குறைந்தபட்சம் செல்லுலார் சிறை என்ற சொல்லையாவது நீக்கிவிடலாம்.